தன்மை ஒருமை

லிப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தைந்து வயதாக இன்னும் நாற்பது நாள் இருந்தபோது அவருடைய மகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிற பெண். கோடு போட்டு, கட்டம் கட்டி, அச்சடித்த மாதிரி எழுதியிருந்தாள். வயது பதினைந்து. மொழி பத்து. படிப்பு பத்து. அனுபவம் பதினைந்து. மனைவி ஐந்து. ஆக மொத்தம் ஐம்பத்தைந்து. கீழே சிவப்பு மையில் அறுபத்தைந்து என்று எழுதி இரண்டு தடவை வட்டம் போட்டிருந்தது.

மனைவி பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"மனைவி அஞ்சா?"

"ஆமாம்மா."

"பத்தொன்பது வருஷத்துக்கு அஞ்சா?"

"வருஷக் கணக்கு இல்லம்மா. மனைவி இருந்தா அஞ்சு. இல்லைன்னா பூஜ்யம்."

"இந்தக் கணக்கைப் போட்டவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். தாள் ஒருமுறை தூக்கி அடங்கியது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு தற்காலிக அனுமதியில் அந்த நாட்டுக்கு வந்த குடும்பம் அது. இரண்டு அறை, ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் ஜன்னல். தற்காலிகம் என்கிற சொல்லைப் பதினோரு வருடம் வரை இழுக்கலாம் என்பதை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஒரு கடிதம் கொடுக்கும், அரசாங்க அலுவலகம் அதில் ஒரு முத்திரை குத்தும், குடும்பம் மூச்சு விடும். இந்த வருடம் புது விதி வந்துவிட்டது. நாற்பத்தைந்தைத் தொட்டவர்களுக்கு இனி முத்திரை கிடையாது. வேண்டுமானால் அதற்குள் புள்ளிகள் சேர்த்து நிரந்தரக் குடியிருப்பு வாங்கிக்கொள்ளலாம். அறுபத்தைந்து எடுத்தால் வீடும் வேலையும் மகளின் பள்ளிக்கூடமும் அப்படியே இருக்கும். அறுபத்து நான்கு எடுத்தால் மூன்று மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். மகளின் இறுதித் தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

புள்ளி போடும் முறையைப் புரிந்துகொள்ள மெக்கானிக்குக்கு ஒரு வாரம் பிடித்தது. நாற்பத்து நான்கு வயது முடிகிற கடைசி நாள் மாலை வரைக்கும் ஒரு மனிதனின் வயதுக்குப் பதினைந்து. மறுநாள் காலை அவன் பல் துலக்க எழுந்திருக்கும்போது பூஜ்யம். இடைப்பட்ட நேரத்தில் எந்த எலும்பு தேய்ந்தது என்று விதியில் விளக்கம் இல்லை. அனுபவத்துக்கு முழுப்புள்ளி வேண்டுமென்றால் பதினைந்து வருடம் உழைத்திருக்க வேண்டும். வயதுக்கு முழுப்புள்ளி வேண்டுமென்றால் இருபத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது லிப்டுக்குப் பொருந்தாத பழமொழி, ஆனால் இதற்கென்றே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. பத்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களைத்தான் தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

மிச்சமிருந்த ஒரே கட்டம் தனித்திறன். அதற்குப் பத்து. தொழில் தெரிந்த ஓர் அதிகாரி நேரில் உட்கார்த்திக் கேள்வி கேட்பார், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருப்பார், விண்ணப்பதாரர் தன் கையால் தானே முன்னின்று செய்த ஒரு பெரிய வேலையை விவரிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக லிப்டோடு லிப்டாக வாழ்கிற மனிதனுக்கு இது என்ன பிரமாதம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

அறை சின்னது. மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு மணிக்காட்டி, இளநீலச் சட்டை போட்ட அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் தமிழர். கழுத்துப்பட்டையை இறுக்கிக் கட்டியிருந்ததால் விழுங்கும்போதெல்லாம் அது மேலே ஏறி இறங்கியது. மெக்கானிக் நீதிமன்றத்து லிப்ட் கதையைச் சொன்னார். அதைவிட நல்ல கதை அவரிடம் இல்லை. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு நீதிபதி, இரண்டு வக்கீல்கள், ஒரு காவலர், ஒரு திருடன். மூச்சு முட்டுகிறது என்று கத்தியவர் நீதிபதி. அவருக்குச் சட்டை காலர் பட்டனைக் கழற்றிவிட்டுக் காற்று வீசியவன் திருடன்.

"நாங்க மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினோம். நாங்க பிரேக்கைக் கையால விடுவிச்சு, சக்கரத்தைச் சுத்தினோம். அவசரப்பட்டா பெட்டி வழுக்கிடும். நாங்க விரல் விரலா இறக்கினோம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். யார் இந்த 'நாங்கள்' என்று கேட்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மெக்கானிக் விழித்தார். யார் என்று என்னத்தைச் சொல்வது. ஒண்டிக்கட்டையாக இருக்கிறவன்கூட "எங்க வீட்டுக்கு வாங்க" என்றுதான் கூப்பிடுகிறான். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவனும் "எங்க அம்மா" என்றுதான் சொல்கிறான். அவரும் அப்படி வளர்ந்தவர். சின்ன வயதில் பந்தயத்தில் ஜெயித்து ஓடிவந்து "நான் நான்" என்று குதித்தபோது, நான் நான் என்று துள்ளாதே என்று அவருடைய அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அன்றைக்கு உள்ளே போன சொல் அதற்குப் பிறகு அவசியம் இல்லாமல் வெளியே வந்ததில்லை. இதையெல்லாம் அதிகாரியிடம் சொல்லத் தெரியாமல் அவர், "நாங்கதான் சார்" என்றார்.

வெளியே வராந்தாவில் மொழிபெயர்ப்பாளர் அவரைப் பிடித்துக்கொண்டார். சங்கடத்தில் கழுத்துப்பட்டை இரண்டு தடவை ஏறி இறங்கியது.

"நீங்க மரியாதைக்குச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா சொன்னதை அப்படியே சொல்லணும்னு எனக்கு விதி. நான் என்ன செய்யட்டும்?"

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. மகள் அதைச் சமையலறையில் நின்றபடி வாசித்தாள். விண்ணப்பதாரர் ஒரு குழுவில் பணியாற்றுகிறார். குழுவின் மற்ற உறுப்பினர்கள் யார் என்று அவருக்கே தெரியவில்லை. தனித்திறன் பூஜ்யம். மறுதேர்வுக்கு ஒரே ஒரு வாய்ப்பு உண்டு.

அன்றைக்கே வீட்டில் பயிற்சி தொடங்கிவிட்டது. மகள் எதிரே நாற்காலி போட்டு அதிகாரியாக உட்கார்ந்தாள். மனைவி ஆஸ்பத்திரிச் சலவையறையில் நாளெல்லாம் போர்வை மடித்துவிட்டு வந்த களைப்போடு, ஒரு கையில் தட்டும் மறு கையில் கரண்டியுமாக நின்றாள். அவர் வாயில் 'நாங்க' வந்தால் தட்டில் ஓர் அடி.

"உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் மகள்.

"எங்க கம்பெனியில..."

டங்.

"சரிம்மா. கம்பெனியில நாங்க..."

டங்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. இரண்டு நாளில் அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். அடியும் விழக்கூடாது, 'நான்' என்றும் சொல்லக்கூடாது. தமிழில் அதற்கு வழி இருந்தது. குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பேச ஆரம்பித்தார். வீட்டில் பேய் குடியிருக்கிற மாதிரி இருந்தது. காரியமெல்லாம் நடக்கிறது, செய்கிறவர்தான் இல்லை.

"யாருப்பா சாப்பிட்டது?"

"சாப்பிட்டாச்சும்மா."

"அதான், யாரு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆள்காட்டி விரலால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். மனைவி சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டாள்.

ஆனால் அவருக்கு உறுத்தியது மரியாதை மட்டும் இல்லை. அந்த வேலை உண்மையிலேயே இரண்டு பேர் வேலை. மேலே இயந்திர அறையில் பிரேக்கைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுகிறவருக்குக் கீழே பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. கீழே கதவடியில் நின்று பார்க்கிறவர் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் மேலே இருக்கிறவர் விரலைக்கூட அசைக்கக் கூடாது. இதில் ஒருவரை எடுத்துவிட்டால் வேலையே இல்லை.

அந்த இன்னொருவனுக்குக் கம்பெனியில் கிரீஸ் என்று பெயர். சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் ஒட்டாமல் வேலை பார்க்கிறவன், அதனாலேயே அந்தப் பெயர். மெக்கானிக்கைவிட ஒரு வயது இளையவன், அதே வருடம் அதே விமானத்தில் வந்தவன், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பதினோரு வருடமாக இருவரும் ஜோடி. கம்பெனி வண்டியில் முன்சீட்டில் நீ உட்காரு, இல்லை நீ உட்காரு என்று தினமும் சண்டை நடக்கும். ஒருநாள் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிட, முன்சீட்டு காலியாகவே வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

நீதிமன்றத்தில் அன்றைக்கு யார் மேலே, யார் கீழே? முதலில் மெக்கானிக் மேலே இருந்தார். கை ஓய்ந்ததும் கிரீஸ் வந்து மாற்றிக்கொண்டான். பிறகு மறுபடியும் மாற்றிக்கொண்டார்கள். எத்தனை தடவை என்று இருவருக்கும் நினைவில்லை.

இதை அவர் வீட்டில் சொன்னார். மனைவி யோசித்தாள்.

"பொய் சொல்லச் சொல்லலைங்க. பாதியைச் சொல்லுங்க, போதும்."

அந்த வாரம் மகளின் பள்ளியில் கடைசி வருட மாணவர்களின் ஆல்பத்துக்குப் புகைப்படம் கேட்டிருந்தார்கள். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். நீ ஏன் கொடுக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு, இருப்போமா இல்லையான்னு தெரிஞ்சப்புறம் குடுக்கலாம்ப்பா என்று காய் நறுக்குகிற சாவகாசத்தில் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றார். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது. நான். நான். நான்.

மறுதேர்வு. அதே அறை, அதே குவளை, அதே இளநீலச் சட்டை. பிறந்தநாளுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

"நான் மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினேன்" என்றார். "நான் பிரேக்கை விடுவிச்சேன். நான் சக்கரத்தைச் சுத்தினேன்." முதல் ஐந்தாறு 'நான்' தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. அதற்குப் பிறகு வழுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. நீதிபதியைத் தைரியப்படுத்தியதும் நான், மறுநாள் கம்பியை மாற்றியதும் நான். திருடனுக்கு நன்றி சொன்னதும் நான் என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டார். அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அதிகாரி நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். தொழில் தெரிந்தவர் அல்லவா. நீங்கள் மேலே இருந்தால் கீழே நின்று குரல் கொடுத்தது யார்?

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.

"உதவியாளர்" என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவரால் கிரீஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவருக்குக் கைகூடக் குறுகுறுத்தது. ஸ்பேனரை இரண்டு தடவை கீழே போட்டார். பிராயச்சித்தமாகக் கிரீஸின் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஆச்சரியம் என்னவென்றால், கிரீஸும் அவருடைய பையைப் பிடுங்கித் தூக்கினான். டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான். லிப்டின் அடிக்குழிக்குள் இறங்கும் அழுக்கு வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒருநாள் அவனுடைய சட்டையில் கிரீஸ் பட்டது. மெக்கானிக் அதைத் துடைக்கப் போக, இருக்கட்டும் மாப்ள, நான் துடைக்கிறேன் என்று அவன் விலகினான். என்னவோ தெரிந்துபோய்விட்டது, தெரிந்தும் இப்படி நல்லவனாக இருந்து கொல்லுகிறான் என்று அவருக்குத் தோன்றியது.

பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருந்தபோது அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரிக்கத் துணிவில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை கம்பெனி வண்டிக்காகக் காத்து நின்ற இடத்தில் கிரீஸின் சட்டைப் பையிலும் அதே நிறத்தில் ஓர் உறை தெரிந்தது.

"உனக்குமா?" என்றார்.

கிரீஸ் உறையை வெளியே எடுத்தான். அவனும் பிரித்திருக்கவில்லை. அவனும் போன மாதம் ரகசியமாக விண்ணப்பம் போட்டிருந்தான், அவனுக்கும் ஐம்பத்தைந்துதான், அவனும் நீதிமன்றத்து லிப்டைத்தான் சொல்லியிருந்தான்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதே. கீழ யாருன்னு கேட்டாங்க. நான்..."

"என்ன சொன்னே?"

"உதவியாளர்னு சொல்லிட்டேன்."

மெக்கானிக் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். விஷயம் புரிந்ததும் கிரீஸும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஒருவருக்கொருவர் உதவியாளர். பத்து நாளாகப் பையைத் தூக்கியதும் டீ வாங்கியதும் எதற்கென்று இப்போது விளங்கியது. வண்டி வந்து ஹாரன் அடித்த பிறகும் இருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. பதினோரு வருடத்தில் அவர்கள் அப்படிச் சிரித்தது அது ஒருமுறைதான்.

பிரித்துப் பார்த்தபோது கடிதத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரே லிப்ட், ஒரே நாள், இரண்டு தலைமை மெக்கானிக்குகள் எனத் தெரியவருகிறது. இருவரும் நேரில் வந்து விளக்க வேண்டும்.

போனார்கள். பிறந்தநாளுக்கு நான்கு நாள். கவுண்ட்டரில் ஓர் அம்மாள் இருந்தார், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். பொறுமையானவர், பிள்ளைகளுக்குப் பேசுவது போல் மெல்லப் பேசினார். பக்கத்தில் அதே மொழிபெயர்ப்பாளர். முதல் கேள்வி, இதில் யார் உதவியாளர்?

வழியெல்லாம் இருவரும் மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான்தாம்மா" என்றான் கிரீஸ்.

"இல்லம்மா, அவர் பெருந்தன்மையில சொல்றார். நான்தான்" என்றார் மெக்கானிக்.

"தொழில்ல இவர் எனக்கு அண்ணன் மாதிரி. இவர் முன்னால நான் என்ன?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. கை சுத்தம் பாருங்க, அவர் கை யாருக்கு வரும்?"

மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மூச்சு வாங்கினார். அம்மாள் கண்ணாடியை மாட்டி இரண்டு கோப்புகளையும் பார்த்தார். போன வாரம் இரண்டு தலைவர்கள், உதவியாளரே இல்லை. இந்த வாரம் இரண்டு உதவியாளர்கள், தலைவரே இல்லை. அப்படியானால் ஐந்து பேரைப் பத்திரமாக இறக்கியது யார், அந்த லிப்டா என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. கோப்பில் அதை எழுத ஒரு கட்டம் இருந்தது.

பிறகு அவர் வழிகளை எடுத்துச் சொன்னார். இருவரும் சமமாகச் செய்தோம் என்று கையெழுத்துப் போடலாம். பத்துப் புள்ளி பாதியாகும், ஆளுக்கு ஐந்து. ஆளுக்கு அறுபது. இல்லையென்றால் ஒருவர் தலைமை என்றும் மற்றவர் உதவியாளர் என்றும் போடலாம். தலைமைக்குப் பத்தும் போகும், இன்றைக்கே அறுபத்தைந்து. ஆனால் உதவியாளர் என்று ஒப்புக்கொள்பவருடைய பதினோரு வருடமும் உதவியாளர் வேலையாகப் பதிவாகிவிடும், ஏனென்றால் ஒருவரே ஒரே கம்பெனியில் இரண்டுமாக இருக்க முடியாது. உதவியாளர் வேலை பட்டியலில் இல்லை. அவர் மறுபடி விண்ணப்பிக்கலாம், தடை ஒன்றும் இல்லை, எடுத்துக்காட்ட அனுபவம்தான் இருக்காது. நான்கு மணிக்குக் கவுண்ட்டர் மூடும். அதற்குள் சொன்னால் போதும். சொல்லிவிட்டு இருவருக்கும் ஆளுக்கொரு பேனா கொடுத்தார்.

வெளியே சுவரோரம் ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு பெண் குழந்தையின் விரலை விரித்துக் கைரேகைக் கருவியில் வைத்துக்கொண்டிருந்தாள், குழந்தை மடக்கிக்கொண்டே இருந்தது.

கணக்கு இருவருக்கும் வாய்ப்பாடு மாதிரித் தெரிந்தது. பாதிப் பாதி என்றால் மெக்கானிக்குக்கு வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிந்தது. கிரீஸுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. மொழித்தேர்வை மறுபடி எழுதி மிச்சம் ஐந்தைத் தேற்றிக்கொள்ளலாம். மெக்கானிக் மொத்தமாக எடுத்துக்கொண்டால் கிரீஸுக்கு அந்த வருடமும் இல்லை, கழிந்த பதினோரு வருடமும் இல்லை.

கிரீஸ் பேனாவின் மூடியைத் திறந்து மூடினான். மூன்று மணி இருபது ஆகியிருந்தது.

"நீயே போட்டுக்கோ மாப்ள" என்றான். "உனக்குத்தான் நாள் இல்லை."

இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னால் பசி கொன்றாலும் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவைதான், சொல்கிறவர் மனத்திலிருந்து சொல்கிறாரா, வாயிலிருந்து சொல்கிறாரா என்று தெரியவரும். முன்சீட்டுச் சண்டையே அப்படித்தான் நடந்தது. மெக்கானிக் இப்போது அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கிரீஸ், அட சும்மா போடு மாப்ள என்பான். மறுபடி இவர் மறுப்பார். அந்த மூன்று சுற்றுக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற உண்மை எதுவோ அது தானாக மேலே வந்துவிடும். இல்லை, பாதிப் பாதி என்றே முடிந்துவிடும்.

அவர் வாயைத் திறந்தார். அதெல்லாம் வேண்டாம் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது.

"சரி" என்றார். "நான் போட்டுக்கறேன்."

"அட, சும்மா போடு மாப்..." என்று கிரீஸ் ஆரம்பித்துவிட்டிருந்தான். அது இரண்டாவது சுற்றுக்கு அவன் தயாராக வைத்திருந்த வாக்கியம். மறுப்பு வராமலே அது கிளம்பிவிட்டது. பாதியில் அதற்குப் போக இடமில்லை. அவன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, பேனாவின் மூடியை ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு லேசாகத் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று சொல்ல முடியாது.

மெக்கானிக் காத்திருந்தார். அவன் இன்னொரு தடவை வாய் திறந்தால், இல்லை மாப்ள, யோசிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், உடனே பேனாவைக் கீழே வைத்துவிடுவது என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்ததாகப் பின்னால் மனைவியிடமும் சொன்னார். கிரீஸ் வாய் திறக்கவில்லை. போட்டுக்கொள் என்று சொன்னவன், போட்டுக்கொள்கிறேன் என்றவனிடம் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வான்?

இருவரும் கவுண்ட்டருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாளுக்கு மகிழ்ச்சி. கோப்பில் கட்டங்கள் நிரம்பிவிட்டன. மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அறுபத்தைந்து அன்று மாலையே கணினியில் ஏறியது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் நிரந்தரக் குடியிருப்புக்கான அழைப்பு வந்தது. மனைவி சலவையறையிலிருந்து அரைநாள் விடுப்பில் வந்து பாயசம் வைத்தாள். மகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை, அவள் முதுகு குலுங்குவது அவர் கையில் தெரிந்தது. அவருக்கும் அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகைதான், அதில் பொய் இல்லை. கிரீஸுக்குச் சொன்னீங்களா என்று மனைவி கேட்டாள். அவனுக்குத் தெரியும் என்றார்.

திங்கட்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. ஆறாம் மாடிக்குச் சற்று மேலே பெட்டி நின்றிருந்தது, உள்ளே ஒரு பெண்மணி. காலையில் வண்டி வந்தபோது கிரீஸ் ஒன்றும் பேசாமல் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டான். முன்சீட்டுக்குச் சண்டை நடக்கவில்லை. மெக்கானிக் முன்னால் உட்கார்ந்தார். கட்டடம் வந்ததும் அவன் தன் பையை எடுத்துக்கொண்டு மேலே இயந்திர அறைக்குப் போனான். இவர் ஆறாம் மாடியில் சாவி போட்டுக் கதவைத் திறந்து, இருட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டியின் அடிப்பாகம் இவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. உள்ளிருந்து அந்தப் பெண்மணி தட்டினாள்.

மேலிருந்து குரல் வந்தது.

"சார், இறக்கலாமா?"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். பின்னால் மேலாளர் யாராவது வந்து நிற்கிறாரோ என்று. நீளமான நடைவழி, மூடின கதவுகள், ஒரு தண்ணீர் இயந்திரம். யாரும் இல்லை.

குரல் வராமல் மேலே இருப்பவன் விரலை அசைக்க மாட்டான். அதுதான் வேலையின் முறை. உள்ளே அந்தப் பெண்மணி மறுபடி தட்டினாள், இந்தத் தடவை வேகமாக.

"சார்?" என்றது குரல், அதே நிதானத்தில்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"இறக்குங்க" என்றார்.

மேலே சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பெட்டி விரல் விரலாக இறங்கி வந்தது.